கல்லும் மனையும்: உறையூர், திருவரங்கக் கட்டடங்களும் உரோமர் இல்லமும்

மணிமேகலையின் பத்தொன்பதாம் காதையில் சோழ வேந்தன் வீற்றிருந்த மண்டபம் ஒன்று வருணிக்கப்படுகின்றது. அதனைச் சமைத்தோர் யாவர் எனின், மகத நாட்டு வினைஞரும், மராட்டிர நாட்டுக் கம்மியரும், அவந்தி நாட்டுக் கொல்லரும், யவன நாட்டுத் தச்சரும் ஆவர். அவர்களோடு தமிழ் வினைஞரும் கூடித் தொழில் செய்தனர் என்கின்றார் சாத்தனார். இப்பகுதியைச் சான்று காட்டி, யவனரின் கட்டடக்கலை தமிழகத்திற் புகுந்தது என எழுதினோர் உளர். ஆயின் ஈண்டுக் கூறப்பட்ட யவனர் தச்சர் என்பதனை அவர்கள் ஆழ்ந்து நோக்கினாரல்லர். யவனர் என்னும் பெயருள் அடங்கிய உரோமர், கல்லையும் சாந்தையும் கொண்டு தம் வாழ்மனைகளை எழுப்புவதில் உலகோர் வியக்கத் தேர்ந்தவர். அத்தகையோர் தமிழ்க் காப்பியத்துள் தச்சராக மட்டும் காட்சி தருதல் சிந்தித்தற்குரியது. தச்சன் என்னும் சொல் பிற்காலத்தே கல்வினைஞனையும் குறித்தது உண்மையே. அவ்வாறு குறிக்க நேர்ந்த வரலாற்றைப் பின்னர்க் கூறுவோம்.

உரோம நாட்டோடு வாணிகம் செய்த நகரங்களுள் உறையூரும் ஒன்று. செங்கடற் செலவு கூறும் கிரேக்க நூலாகிய பெரிப்புளூசு இதனை அர்கரு என்றும், தாலமி ஓர்த்தூரா என்றும் குறித்தனர் என்பது அறிஞர் துணிபு. இந்நகரின் கிழக்கே, கூப்பிடு தொலைவினைச் சற்றே கடந்து, திருச்சிராப்பள்ளிக் குன்றம் எழுந்து நிற்கின்றது. சுற்றுப்புறத்தும் பாறைக்குக் குறைவில்லை. இரும்பு உருக்கும் தொழிலும் தமிழர்க்கு நெடுங்காலமாகக் கைவந்தது. கல்லும் இருந்தது, கல்லைப் பிளக்கும் கருவியும் இருந்தது, கல்மனை கட்டும் நாட்டினரோடு பழக்கமும் இருந்தது. அங்ஙனமாகவும் உறையூரார் கல்லால் வீடு கட்டாமை என்னை? பிற்காலத்தே கல் கட்டடம் தோன்றியபோது அது யாருக்காகத் தோன்றிற்று? இவ்விரு வினாக்களையும் உரோமர் இல்லத்தோடு ஒப்பிட்டு ஆராய்வதே யாம் மேற்கொண்ட பணியாகும்.

முதற்கண் உறையூரின் நிலையை நோக்குவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை அங்கு நிகழ்த்திய அகழாய்வில், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், யவன வாணிகத்தைச் சுட்டும் உருளைப் பொறிப்பு ஓடுகளும் கிடைத்தன. செங்கல்லாற் கட்டிய நீள்சதுரத் தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. அது துணிக்குச் சாயம் ஏற்றும் தொட்டி எனக் கருதப்படுகின்றது. பெரிப்புளூசு இந்நகரின் மெல்லிய துகிலைப் போற்றுவதோடு இக்கருத்து நன்கு பொருந்துகின்றது. உறையூர் மட்டுமன்று. 1945-இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில், யவனப் பண்டங்கள் குவிந்த அத்துறைமுகத்தில், ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள பண்டசாலையும் செங்கற் கட்டடமே. காவிரிப்பூம்பட்டினத்துக் கீழையூரிற் கண்ட படகுத்துறையும் செங்கல். 2015 முதல் அகழப்பெற்று வரும் கீழடியிலும் சுவர்கள் செங்கல்லே. கூரை சுடுமண் ஓடு. யவனர் வந்து தங்கிய இடத்தும் யவனரின் கல்கட்டு வந்திலது.

இலக்கியமும் இதனையே உரைக்கின்றது. பெரும்பாணாற்றுப்படை உயர்ந்த மாடங்களைச் சுடுமண்ணால் ஆயவை என்கின்றது. நெடுநல்வாடை பாண்டியன் அரண்மனையை விரிவாகக் கூறும் பாட்டு. நண்பகல் நிழலை நோக்கித் திசை தேர்ந்ததும், நூலிட்டு அளந்ததும், கதவை இரும்பாற் பிணித்துச் செவ்வரக்கு வழித்ததும், சுவருக்கு வெண்சுதை பூசியதும் அதன்கண் வருகின்றன. ஆண்டுக் கட்டடத்தின் பகுதியாகக் கல் பேசப்படவில்லை. வாயிலின் உயரத்தைக் கூறுமிடத்து மட்டும் குன்றைக் குடைந்த தோற்றம் உவமையாக வந்துள்ளது. மலையைக் குடைதல் நக்கீரர் உள்ளத்தில் இருந்தது. அவர் கண்ட அரண்மனைச் சுவரில் இல்லை. உவமை பொருளினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்னும் இலக்கணத்தை நினைவிற் கொள்வோர்க்கு இஃது ஒரு குறிப்பாகத் தோன்றும்.

கல்லை அடுக்கத் தெரியாதார் என்று இதனாற் கூறிவிடல் ஆகாது. திருவரங்கத் தீவின் கீழ்க்கோடிக்கு அணித்தாக உள்ள கல்லணை கரிகாலன் செயல் என்பது வழிவழி வரும் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனை ஆராய்ந்த ஆங்கிலப் பொறியியலார், 1,080 அடி நீளமும், 40 முதல் 60 அடி வரை அகலமும், 15 முதல் 18 அடி வரை உயரமும் உடையதாய், செதுக்காத கற்களைக் களிமண்ணிற் பொதிந்து ஆக்கிய பெருந்திரள் என அதனை எழுதி வைத்தனர். ஆற்று மணலில் ஆழ்ந்து ஊன்றிய கற்களின் மேல் கற்களை இட்டு, களிமண்ணாற் பிணித்து, வெள்ளத்தையே எதிர்த்த வினைஞர்க்கு ஒரு வீட்டுச்சுவர் அரியதன்று. எனவே திறமின்மை காரணமாகாது.

இனி உரோமர் இல்லத்தைக் காண்போம். கி. பி. 79-இல் வெசூவியசு மலையின் சாம்பலில் மூழ்கிய பொம்பெயி நகரில், அறுவை மருத்துவர் இல்லம் எனப் பெயர்பெற்ற மனை ஒன்று உண்டு. மருத்துவக் கருவிகள் அங்குக் கிடைத்தமையின் அப்பெயர் வந்தது. அதன் தெருமுகச் சுவர், சார்னோ ஆற்றுப் பகுதியில் வெட்டிய சுண்ணக்கற் பாளங்களைச் சதுரித்து அடுக்கிய கட்டு. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்களோ வேறுவகை. பெருங்கற்களை நெடுக்காகவும் கிடையாகவும் மாற்றி மாற்றி நிறுத்தித் தூண்போல் ஆக்கி, தூணுக்கும் தூணுக்கும் இடையே சிறுகற்களைக் களிமண்ணில் இட்டு நிரப்பியுள்ளனர். தெருவோர் காணும் பக்கம் செதுக்குகல். வீட்டார் காணும் பக்கம் சில்லுக்கல்லும் களிமண்ணும், அவற்றை மறைக்கும் சுதைப்பூச்சும். இம்மனையைக் கி. மு. 4, 3-ஆம் நூற்றாண்டினது என்று முன்னையோர் கொண்டனர். அண்மைக்கால அகழாய்வு கி. மு. 200-க்குப் பிற்பட்டது எனக் காட்டியுள்ளது.

களிமண்ணின் இடத்தைச் சுண்ணச்சாந்து பற்றியபோது உரோமர் கட்டடம் உருமாறிற்று. வெசூவியசைச் சூழ்ந்த நிலத்தின் எரிமலைத் துகளைச் சுண்ணாம்போடு கலந்தால் அது நீரினுள்ளும் இறுகும். அச்சாந்தும் கல்லும் கலந்த திரளே சுவரின் உடலாயிற்று. செதுக்கிய கல் அதன் தோல் மட்டுமே ஆயிற்று. தோலிற் பதித்த கற்கள் ஒழுங்கற்றவையாயின் ஒரு பெயரும், அடி சதுரமாய்க் கூர்நுனி உள்ளே செல்லுமாறு வலைக்கண் போலப் பதித்தவையாயின் பிறிதொரு பெயரும் பெற்றன. கி. மு. முதல் நூற்றாண்டினராகிய விட்ருவியசு தம் கட்டட நூலின் இரண்டாம் பகுதியில் இவ்விரண்டனையும் ஒப்பிட்டு, வலைக்கட்டு அழகுடையது, ஆயின் எளிதில் வெடிப்பது என்றும், ஒழுங்கிலாக் கட்டு அழகில்லாதது, ஆயின் உறுதியானது என்றும் தீர்ப்புக் கூறுகின்றார்.

விட்ருவியசு தம் நாட்டாரைக் கடிந்து கூறும் இடம் ஒன்று எம் கருத்தை ஈர்த்தது. கிரேக்கர் சுவரின் இரு முகங்களையும் கட்டும்போது, ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை எட்டும் நீண்ட கற்களை இடையிடையே குறுக்காக இட்டுப் பிணிப்பர். நம்மவரோ விரைவை விரும்பி, முகங்களை நிறுத்தி, நடுவே உடைகல்லைக் கொட்டி நிரப்புகின்றனர். ஆதலின் ஒரு சுவருள் மூன்று தோல்கள் தனித்தனியே நிற்கின்றன என்பது அவர் குறை. இத்தகைய உடைகற் சுவர்களை விலை மதிப்போர், கட்டி முடித்த நாள்தொட்டு ஆண்டுக்கு எண்பதில் ஒரு பங்கு கழித்தே மதித்தனர் என்றும் அவர் எழுதுகின்றார். அஃதாவது, அச்சுவரின் ஆயுள் எண்பது ஆண்டு. தூக்குநூல் பிழையாது நிற்கும் செங்கற் சுவருக்கோ கழிவே இல்லை. உரோமர் கல்மனை என்றவுடன் அழியாத மனை என எண்ணும் நம் வழக்கத்தை உரோமரே மறுத்துவிட்டனர் என்க.

இவ்வளவில் கல் என்பது உரோமர்க்கு எத்தகையது என்பது விளங்கும். அவர்தம் எரிமலைக்கல் மெதுவானது. சுண்ணக்கல்லும் கருங்கல்லை நோக்க எளிதில் வெட்டத்தக்கது. ஆதலின் அது சிறு துண்டாகிச் சாந்தில் ஒட்டிக்கொண்டது. செங்கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பெரியதொரு வேற்றுமை இல்லாதாயிற்று. திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கல் இதற்கு நேர்மாறானது. அது செதுக்குவார் கையை வருத்தும் கடுங்கல். சிறு கல்லாக உடைத்து முகம் சமைப்பதற்கு ஆகும் உழைப்பு மிகுதி. ஆயின் அதனிடம் ஒரு நற்குணம் உண்டு. வரிசையாகக் குழியிட்டு ஆப்பு அறைந்தால் நெடுக நேராகப் பிளந்து, இருபதடி உத்தரமாகவும் வந்துவிடும். மென்கல் உடையார் சிறுகல்லை வளைத்து வில்வளைவு கண்டனர். வன்கல் உடையார் நெடுங்கல்லைத் தூணாகவும் உத்தரமாகவும் கிடத்தினர். இரண்டனுள் எது உயர்ந்தது என வழக்கிடுவார் உளர். அவ்வழக்கு எமக்குப் பயனற்றதாகவே தோன்றுகின்றது.

கல்லின் இயல்பு ஒரு காரணம். அதுவே முழுக்காரணம் ஆகாது. சங்ககாலத் தமிழர் கல்லை எங்கே வைத்தனர் என்பதும் நோக்கற்பாலது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் முறைப்படுத்தும் செயல்கள் எல்லாம் இறந்த வீரனுக்கு எடுக்கும் கல்லைப் பற்றியன. கண்ணகிக்குக் கல் எடுத்ததும் அம்முறையிலேயே நடந்தது. அவர்க்கு முன்னரே, பெருங்கற் சின்னங்கள் ஈமத்துக்கு உரியன. கல் இறந்தார்க்கு உரியதாதலின் இருப்பார் மனைக்கும் தெய்வத்தின் கோட்டத்துக்கும் விலக்கப்பட்டது என்றும், பல்லவர் காலத்தே அவ்விலக்கு நீங்கிற்று என்றும், பல்லவர் குடைவரைகளைப் பற்றி 1964-இல் நூல் வெளியிட்ட கே. ஆர். சீனிவாசன் கருதினார். அக்கருத்துப் பெரிதும் ஏற்கத்தக்கதே. ஆயினும் ஒரு திருத்தம் வேண்டும் என்போம். கரூரை அடுத்த புகழூர்க் குன்றில், சேர இளவரசன் இளங்கோ ஆனபோது சமண முதியவர் ஒருவருக்காக அறுத்த கல் இது என்னும் தமிழிக் கல்வெட்டு உள்ளது. அக்கல்லே அவர்தம் உறையுள். திருச்சிராப்பள்ளிக் குன்றின் குகையிலும் துறவியர்க்குச் சமைத்த கற்படுக்கைகளைக் காணலாம். இங்குக் கல்லில் வாழ்ந்தவர் உயிரோடு இருந்தவர். ஆயின் மனையைத் துறந்தவர். ஆகவே, கல் இறந்தார்க்கு உரியது என்பதினும், இல்வாழ்வோர்க்கு உரியதன்று என்பது பொருத்தமாகும். நடுகல்லாகிய வீரனும், படுக்கையில் கிடந்த துறவியும், பின்னர்க் கருவறை புகுந்த இறைவனும் ஆகிய மூவரும் இல்லறத்தின் புறத்தே நிற்பவர்.

இறைவனுக்குக் கல்லை உரிமையாக்கியோருள் முதல்வன் முதலாம் மகேந்திரவர்மன். செங்கல், மரம், உலோகம், சாந்து ஆகியன இன்றித் தான் கோயில் அமைத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அவன் கூறிக்கொள்கின்றான். அவன் விலக்கிய நான்கும், உறையூரிலும் நெடுநல்வாடையிலும் நாம் கண்ட மனையின் உறுப்புகள் அல்லவோ? மனை கட்டும் பொருள் அனைத்தையும் எண்ணி எண்ணி ஒதுக்கியதில்தான் அவன் பெருமிதம் அமைந்தது. கி. பி. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தே திருச்சிராப்பள்ளிக் குன்றின் இடைப்பகுதியில் அவன் குடைவித்த இலளிதாங்குர பல்லவேசுவரத்தில், முகப்பில் நான்கு தூண்களும், மேற்சுவரில் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன் சிற்பமும் உள்ளன. தூணிற் பொறித்த வடமொழிப் பாடல்களுள் ஒன்று, நிலத்தின் மேலுள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழநாட்டு வளத்தையும் காவிரியையும் எங்ஙனம் காண்பேன் என இறைவன் வினவியதாகவும், அதனால் அரசன் இம்மலை இல்லத்தை அளித்ததாகவும் கற்பனை செய்கின்றது. கவிஞர் இக்குடைவரையைக் கல்மனை எனப் பொருள்படும் சொல்லாற் சுட்டியுள்ளார். இறைவன் வேண்டியதும் காட்சி நலமுடைய ஒரு வீடுதான்.

குடைதல் வேறு; கட்டுதல் வேறு. குடைவரையில் வினைஞன் பாறையைச் சதுரஞ் சதுரமாகக் கோடிட்டுச் சுற்றிலும் பள்ளம் பறித்து, நடுவிலுள்ள கட்டியை உடைத்தெறிந்தான் என்பது முடிவுறாத பல்லவக் குகைகளால் அறியப்படும். அவனுக்குப் பாரம் தாங்கும் கவலை இல்லை. தூண் அணிக்காகவே நிற்கின்றது. கல்லின் மேல் கல்லை ஏற்றும் கவலை கற்றளியோடு தொடங்கிற்று. தளி என்பது கோயில். மண்ணால் ஆயது மண்தளி, கல்லால் ஆயது கற்றளி. திருவாரூர்ப் பரவையுண்மண்டளி என்னும் தேவாரத் தலப்பெயர் பழைய நிலையை இன்றும் சுமந்து நிற்கின்றது. சோழர் காலத்தில் மண்தளிகள் ஒவ்வொன்றாகக் கற்றளிகள் ஆயின. திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த சீனிவாசநல்லூர், திருவெறும்பூர், இலால்குடி ஆகிய ஊர்களின் கோயில்கள் அம்மாற்றத்தின் நல்ல எடுத்துக்காட்டுகள். கோச்செங்கணான் எடுத்த மாடக்கோயில் என்னும் மரபுடைய திருவானைக்காவும் பின்னர்க் கல் போர்த்தது.

இக்கற்றளிகளின் சுவர் எவ்வாறு அமைந்தது? கோயிற்கல் சாந்தின்றி நிற்கின்றது என்று பெருமையோடு கூறுவதைப் பலகால் கேட்டுள்ளோம். புறமுகத்தைப் பொறுத்த அளவில் அது மெய்யே. கல்லும் கல்லும் இழைத்துச் சேர்த்த பொருத்து, எடையாலேயே இறுகி நிற்கும். ஆயின் சுவர் முழுவதும் ஒரே கல் அன்று. புறத்தே ஒரு கல்முகம், அகத்தே ஒரு கல்முகம், இரண்டுக்கும் நடுவே உடைகல்லும் செங்கற் சில்லும் மண்ணும் சுண்ணாம்பும் இட்ட நிரப்பு என்பதே பெரும்பான்மை வழக்கு. விட்ருவியசு கடிந்த மூன்று தோல்களும் இங்கும் உள்ளன! உரோமரைப் பார்த்துத் தமிழரோ, தமிழரைப் பார்த்து உரோமரோ இதனைக் கற்றிலர். தடித்த சுவரைக் குறைந்த செதுக்குகல்லால் எழுப்ப வேண்டிய எவரும் வந்து சேரும் முடிபு இது. குறையும் ஒன்றே. மழைநீர் உள்ளே இறங்கி நிரப்பு கரைந்தாலோ, அரசமரத்தின் வேர் நடுவே புகுந்தாலோ, இரு முகங்களும் விலகிப் புடைக்கும். நம் கோயில்களிற் சுவர் புடைத்த இடங்கள் பலவற்றின் காரணமும் இதுவே. வேறுபாடு யாதெனின், உரோமர் சுவரில் வலிமை நடுவிலுள்ள சாந்துத் திரளுக்கு உரியது. தமிழர் சுவரில் வலிமை முகங்களுக்கும், அவற்றை அழுத்தும் மேற்பாரத்துக்கும் உரியது. உரோமர் சுவரின் தோலை உரித்தாலும் உடல் நிற்கும். நம் சுவரின் தோலை உரித்தால் எஞ்சுவது மண்மேடு.

கல்லில் தொழில் செய்தாரும் கல்தச்சர் எனப்பட்டனர். தஞ்சைப் பெரிய கோயிலின் வினைஞர் தலைவன் பெற்ற பட்டம் பெருந்தச்சன் என்பது. உத்தரம், போதிகை, தூண் என வரும் உறுப்புப் பெயர்கள் எல்லாம் மரவேலையில் வழங்கியவை. கூரையின் சாய்வும், அதன் அடியில் வாரையும் சட்டமும் தெரியும் தோற்றமும் கல்லிற் கொடுங்கையாக மாறின. திருவரங்கத்து மண்டபங்களிலும் அவற்றைக் காணலாம். மரத்திற் கற்ற சொல்லையே கல்லுக்கும் இட்டனர் என்பதனால், தமிழ்க் கல்கட்டடத்தின் தாய் யவனர் கல்மனை அன்று, தமிழர் மரமனையே என்பது பெறப்படும். சாத்தனார் கூறிய யவனத் தச்சர் இங்கு வந்தபோது, கற்பிக்க வந்தவராகவோ கற்க வந்தவராகவோ இருந்திருக்கலாம். மரத்தொழிலே இருநாட்டார்க்கும் பொதுமொழியாக இருந்தது.

கோயில் என்னும் சொல்லையே நோக்குக. கோவினது இல் கோயில். முதற்கண் அரசன் மனையைக் குறித்துப் பின் இறைவன் மனைக்கு ஆயிற்று. வைணவர்க்கு அடைமொழியின்றிக் கோயில் என்றால் திருவரங்கமே. 156 ஏக்கர் நிலப்பரப்பில் ஏழு திருச்சுற்றுகளும் 21 கோபுரங்களும் கொண்ட இவ்வில்லத்தில் மடைப்பள்ளி உண்டு, கண்ணாடி அறை உண்டு, நெல் சேர்க்கும் கொட்டாரங்கள் உண்டு. உரோமச் செல்வர் இல்லத்துக்குத் தமிழகத்தில் ஒப்புமை தேடுவார், தெருவிலுள்ள வீட்டை விடுத்து இதனை நோக்குதல் வேண்டும். ஆயினும் கல் இங்கும் அனைத்தையும் ஆட்கொண்டிலது. கொட்டாரங்கள் வட்டவடிவான செங்கற் கட்டடங்கள். கோபுரங்களின் அடிநிலை கல். மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். அனைத்தினும் வியப்பு, கருவறையிற் பள்ளிகொண்ட பெரிய பெருமாள் திருமேனியே சுதையால் ஆயது என்பது. அதற்கு நீராட்டு இல்லை; தைலக்காப்பு மட்டுமே. ஏழு கல்மதில்களின் நடுவே பழைய தளியின் பொருள் அப்படியே காக்கப்பட்டு வருகின்றது.

தெற்கு இராயகோபுரத்தின் வரலாறு இப்பொருள் வேறுபாட்டை நன்கு விளக்கும். விசயநகர, நாயக்கர் காலத்தில் தொடங்கி, கல்லால் ஆய அடிநிலையோடு நின்றுவிட்டமையின் நெடுங்காலம் மொட்டைக் கோபுரம் எனப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்ட பெர்குசன், அடிநிலை 130 அடி அகலமும் 100 அடி ஆழமும் உடையது என்றும், வாயில் இருபத்தொன்றரை அடி அகலமும் அதன் இருமடங்கு உயரமும் உடையது என்றும், நாற்பது அடிக்கு மேற்பட்ட நிலைக்கால்கள் ஒவ்வொன்றும் ஒரே கல் என்றும், மேலே கிடத்திய கற்கள் 23, 24 அடி நீளம் என்றும் குறித்தார். இவ்வகல வாயிலை உரோமன் வில்வளைவால் மூடியிருப்பான். தமிழ் வினைஞன் இருபுறமும் ஓரடி மட்டுமே மிகுமாறு ஒரே கல்லைக் கிடத்தினான். கோபுரம் முற்றுப் பெற்றிருப்பின் 300 அடியை அணுகியிருக்கும் எனப் பெர்குசன் கணக்கிட்டார். 1979-இல் தொடங்கிய பணி 1987 மார்ச்சில் குடமுழுக்கோடு நிறைவுற்றபோது, பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயர்ந்தது. கூடுதற் பாரத்தை நானூறு ஆண்டுகளுக்கு முன் இட்ட கற்களே தாங்குகின்றன. மறுபுறம், 2023 ஆகத்தில் கிழக்கு வாயிற் கோபுரத்தின் மேல்நிலையில் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. வீழ்ந்தது செங்கல்லும் சுதையும் ஆன பகுதி.

மதில்களுக்கு இடையே மக்கள் வாழும் வீதிகளும் உள்ளன. உத்தர வீதி, சித்திரை வீதிகளின் பழைய வீடுகளில் திண்ணை, நடை, முற்றம், கூடம் என்னும் வைப்பு முறை உண்டு. நான்கு புறத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து மழைநீரை முற்றத்தில் வீழ்த்தும் அமைப்பு, பொம்பெயி இல்லத்தின் நடுக்கூடத்தை அப்படியே ஒத்தது. அடியெடுத்து வைக்கும் படி கல்; மரத்தூணின் அடியில் இட்ட ஆதாரம் கல்; சுவர் செங்கல்; கூரை ஓடு. எதிரே ஓங்கிய மதிலின் கல்லைப் பார்த்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர், அக்கல்லைத் தம் சுவருக்கு அவாவினாரல்லர். வறுமையால் என்பாரும் உளர். இதற்குச் செப்பேடுகள் விடை தருகின்றன. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில், ஊர் பெற்றார்க்கு அரசன் அளித்த சிறப்புரிமைகளுள் ஒன்று, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பது. அதாவது, செங்கல் வீடே அரசன் தரப் பெறும் பேறு. கல்வீட்டைப் பற்றிய பேச்சே அவ்வுரிமைப் பட்டியலில் இல்லை. விலக்கவும் இல்லை, வழங்கவும் இல்லை. அஃது எவர் நினைவிலும் எழவில்லை போலும்.

கல்லைக் கோயிலுக்கு ஒதுக்கியதனால் விளைந்த பயன் ஒன்று உண்டு. சுவர் ஏடாயிற்று. உரோமர் இல்லச் சுவரிற் சுதையின் மேல் வண்ண ஓவியம் தீட்டினர். சோழர் சுவரின் புறக்கல்லில் நிலக்கொடையும் விளக்குக்கொடையும் வெட்டினர். திருவரங்கத்தில் மட்டும் அறுநூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு, 1982-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இருபத்து நான்காம் தொகுதியாக வெளிவந்தன. புடைத்த சுவரைப் பிரித்துக் கட்டும்போது இவ்வேட்டின் இதழ்கள் கலைகின்றன. ஒரு கல்லில் தொடங்கிய தொடர் அடுத்த கல்லில் தொடராமலும், எழுத்துத் தலைகீழாகியும், கொடையாளி பெயர் உட்புறம் திரும்பியும் நிற்கும் சுவர்களைத் திருச்சிராப்பள்ளி வட்டாரத்துச் சிற்றூர்க் கோயில்களிற் காணும்போதெல்லாம் எம் நெஞ்சம் வருந்தும். கற்களுக்கு எண்ணிட்டுப் பிரித்து, அவ்வெண்ணின் முறையே மீண்டும் அடுக்கினால் இக்கேடு நேராது. திருவரங்கத் திருப்பணிக்கு 2017-இல் யுனெசுகோவின் ஆசிய பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்புப் பரிசு கிடைத்தது. பொருளும் ஆளும் உடைய பெருங்கோயிலுக்கு இயல்வதனைச் சிற்றூர்க் கோயிலுக்கும் இயலச் செய்தல் அரிதன்று.

அதற்கு முன்மாதிரியை அயல்நாட்டில் தேட வேண்டுவதில்லை. கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி உள்ளது. அங்குள்ள வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துக் கல்லாற் புதுக்குமாறு முதலாம் இராசராசன் தன் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி. பி. 1013 அளவில், ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரிலுள்ள கல்வெட்டுகள் அனைத்தையும் ஏட்டிற் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதும் அவ்வாணையின் பகுதி. அரசன் மறைந்தான், பணி தொடர்ந்தது. அவன் மகன் இராசேந்திரனின் பதினான்காம் ஆட்சியாண்டாகிய கி. பி. 1026-இல், அவ்வேட்டைப் பார்த்துப் பழைய கல்வெட்டுகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளும் அந்த ஏட்டை எவரோ ஒருவர் பேணி வைத்திருந்தார்.